லேட்

சிம்மக்கல்லில் மாடியேறினால் எங்கள் அச்சகம்.
ஆவணி பிறந்துவிட்டால்
ஒரு நாளைக்கு முப்பது கல்யாணம் என் விரல் வழியாகப் போகும்.
இருக்கிறவர் பெயருக்கு முன்னால் திரு.
இல்லாதவருக்கு
தெய்வத்திரு, அமரர், வைகுண்டவாசி,
நெல்பேட்டையிலிருந்து வருகிறவர்களுக்கு மர்ஹூம்.
இதில் எது என்று யோசிக்க நேரமில்லாதவர்கள்
சாதி மதம் பாராமல் சொல்வது
'லேட்டுன்னு போட்ருங்க.'
சொல்லி முடிக்க இரண்டரை மாத்திரை.
ஒரே பொத்தானில் வந்து உட்காரும்படி
கம்ப்யூட்டரில் பழக்கி வைத்திருந்தேன்.

ஒச்சம்மாள் கருமாத்தூரிலிருந்து வந்திருந்தார்.
புரூப் தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து
மகள் பெயரில் விரல் வைத்தார், சரி.
மாப்பிள்ளை பட்டம், சரி.
விரல் இறங்கி
(லேட்) மொக்கராசு என்ற இடத்தில் நின்றது.

'இது யாரு போடச் சொன்னது?'

உங்க தம்பி, என்றேன்.

'எடுத்துருங்க.
அந்த மனுசன் ஒருநாக்கூட லேட்டாப் போனதில்ல.'

சிரிப்பதா என்று தெரியாமல்
மவுசைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பேப்பர் வண்டி ஓட்டியவராம்.
ராத்திரி ரெண்டு மணிக்கு மதுரையில் கட்டு ஏற்றினால்
செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி,
விடியுமுன் தேனி.
இருபத்தோரு வருசம்.
அவர் ஹாரனுக்குத்தான்
செக்கானூரணி டீக்கடையில் பாய்லர் பற்ற வைப்பார்களாம்.
மழையென்றால் பத்து நிமிசம் முந்திக் கிளம்புவாராம்.

'அன்னைக்கும் கரெக்ட் டயத்துக்குத்தான் போனாக.
பஞ்சு லாரி அந்த வளைவுல திரும்பயில
கரெக்டா அங்க இருந்தாக.
அஞ்சு நிமிசம் லேட்டாப் போயிருந்தா
இன்னைக்கு நான் ஏன் ஒங்க மாடி ஏறுறேன்?'

கீழே ஷேர் ஆட்டோக்காரன்
கோரிப்பாளையம் கோரிப்பாளையம் என்று
போகாத வண்டிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அன்றிரவு கடையடைத்த பிறகு
ஓனர் மேசையிலிருந்த தடித்த அகராதியைப் பிரித்தேன்,
இத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால்
என்னத்தைத்தான் போட்டிருக்கிறேன் என்று பார்க்க.

பழைய இங்கிலீஷில் அதற்கு மெதுவானவன் என்று அர்த்தம்.
இறந்தவன் என்பதெல்லாம் நெடுங்காலம் கழித்து வந்து சேர்ந்தது;
அந்த அர்த்தமே லேட்.
வேர் இன்னும் கீழே போகிறது.
தளர்வது, பிடியை விடுவது.
லத்தீனில் அதற்கு ஒரு பங்காளி உண்டு,
களைத்தவன் என்று பெயர்.

களைத்தவன்.
ரெண்டு மணிக்குக் கட்டு ஏற்றியவர்
எந்த ஊரில் களைப்பாறினார்?
விடுவது என்றால்
கடைசியில் ஸ்டியரிங்கையா, உயிரையா?

நம் ஆட்கள் வேறு மாதிரி சொன்னார்கள்.
காலமானார்.
எத்தனை தடவை கோர்த்திருக்கிறேன்,
ஒரு தடவை பிரித்துப் படித்ததில்லை.
காலம் ஆனார்.
காலமாகவே ஆகிவிட்டவர்
எதற்கு லேட்டாக முடியும்?
கடிகாரத்தைப் பார்த்து யார்
நீ தாமதம் என்பது?

மறுநாள் போனில் கேட்டேன்,
காலஞ்சென்றன்னு போடவா அக்கா?
'ஒண்ணும் வேணாம்.
பேரு மட்டும் இருக்கட்டும்.'
ஒன்றுமில்லாவிட்டால்
மண்டபத்தில் வந்து அவரைத் தேடுவார்களே.
'தேடட்டும்' என்றார்.
'நாந்தான் தெனமும் தேடுறேன்,
ஒருநாள் ஊரும் சேந்து தேடட்டும்.'

அடைப்புக்குறியை எடுத்தேன்.
பெயர் தானாக நகர்ந்து வந்து
அந்த இடத்தை மூடப் பார்த்தது.
திரும்பத் தள்ளி வைத்தேன்.
அறுநூறு பத்திரிகையிலும்
மொக்கராசுக்கு முன்னால்
இரண்டரை மாத்திரை வெள்ளை.

கரண்ட் போய்
ஒரு நாள் தாமதமாகத்தான் கொடுக்க முடிந்தது.
மன்னிச்சுக்கங்கக்கா, லேட்டாயிருச்சு
என்று வாயெடுத்துவிட்டு
பாதியில் நிறுத்தினேன்.

கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு
'அதனால என்ன' என்றார்.
'லேட்டானா நல்லதுதான்.'
படியிறங்கும்போது
ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து
மெதுவாக இறங்கினார்.