நரி முகம்

தம்பிக்கோட்டை உப்பளத்து வரப்பில்
நாலாவது ஞாயிறு.
கேமராவுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி.
லென்ஸ் இரவல், மருந்துக்கடை அமீருதீனுடையது;
சேறு படாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறான்.
முழங்கால்வரை சேறு.

இதுவரை அகப்பட்டவை
ஒரு வால்,
நண்டு வளையருகே காலடித்தடம்,
நரியென்று நினைத்துப் பதினாறு முறை அமுக்கிய
செம்பட்டை நாய்.

இன்று அலையாத்தி வேர்களுக்கிடையே
காது முதலில், பிறகு மூக்கு.
ஷட்டர் சத்தத்துக்குத் திரும்பி
நேராகப் பார்த்தது.

படத்தில் துல்லியமாக விழுந்திருப்பது
முன்னாலிருந்த உமரிச்செடி.
பின்னால் மங்கலாய்க் கொஞ்சம் மஞ்சள்.

"நரி முகத்துல முழிச்சிருக்கே,
யோகந்தான் போ" என்றான் அமீருதீன்
லென்ஸைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமல்.

என் முகத்தில் முழித்த அதற்கு
இன்றைக்கு
நண்டு கிடைத்ததோ என்னவோ.