டீ வடிகட்டி

கிரேன் கேபினுக்கு நூற்றுநாற்பத்தெட்டுப் படி.
இறங்கவும் அதே.
அதனால்தான் தண்ணீர் குடிப்பதில்லை.
ஜுபைல் ஆகஸ்டில் இதைச் சொன்னால்
யாரும் நம்ப மாட்டார்கள்.

விடியலில் சுலைமானி ஒரு கோப்பை,
பத்து மணிக்கு பிளாஸ்கில் மிச்சம்,
அப்புறம் உதட்டை நக்கிக்கொள்வேன்.
உப்புக் கரிக்கும்.
காலடியில் பாட்டில் சூடாகிக் கிடக்கும்.
ஒரு மிடறுக்கு ஓர் இறக்கம்:
கணக்கு தெரிந்தவன் என்றிருந்தேன்.

மாலையில் பிரிவதும் கொஞ்சம்தான்,
டீத்தண்ணி நிறத்தில்.
பார்க்காமல் குழாயைத் திறந்துவிடுவேன்.

புதன்கிழமை மெஸ்ஸில் கருவாட்டுக் குழம்பு,
தொட்டுக்கொள்ள ஊறுகாய்.
இரவு இரண்டு மணிக்கு
இடது விலாவுக்குக் கீழே
யாரோ ஸ்பேனர் போட்டுத் திருகினார்கள்.
திருகல் அடிவயிற்றுக்கு இறங்கித் தொடைக்குள் போயிற்று.
படுத்தேன், எழுந்தேன், முழங்காலிட்டேன்,
கக்கூஸ் கதவைப் பிடித்துத் தொங்கினேன்.
"மாரடைப்போ?" என்றார் துரைக்கண்ணு.
"மாரடைச்சவன் இப்படிக் கத்துவானா"
என்றான் மேல்கட்டில் பிச்சைக்கனி,
செருப்பைத் தேடிக்கொண்டே.

ஸ்கேனில் ஒரு வெள்ளைப் புள்ளி.
ஐந்து மில்லிமீட்டர்.
என் லோடு சார்ட்டில்
அந்த எடைக்கு வரிசையே கிடையாது.

கால்சியம் என்றதும்
"பால், தயிரை விட்டுடறேன்" என்றேன்
அரைகுறை அரபியில்.
எகிப்து டாக்டர் கையை வீசினார்: லா, லா.
சோற்றோடு தயிர் இருக்கட்டும்,
ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு
வெளியே போய்விடும் அது.
விட வேண்டியது உப்பு.
கடுஞ்சாயாவைக் குறை. எலுமிச்சை பிழி.
தண்ணீர், தண்ணீர், இரவிலும் தண்ணீர்.
எவ்வளவு என்றதற்கு
அறை முழுக்க ஒரு நிறத்தைத் தேடி
கடைசியில் வெளிறிய திரைச்சீலையைக் காட்டினார்.
இந்த நிறத்தில் வரும்வரை.

வருவதை வடிகட்டிப் பார் என்றும் சொன்னார்.
அறையில் இருந்ததோ ஒரே வடிகட்டி.

ஐந்தாம் நாள் வலைக்கம்பியில் சின்னதாக ஒரு சத்தம்.
காக்கி நிறம், முனை முனையாக,
நெருஞ்சிமுள் போல.
ஊரில் கல்லடைப்புக்கு
நெருஞ்சியைத்தான் காய்ச்சிக் கொடுப்பார்கள்.

பிச்சைக்கனி புது வடிகட்டி வாங்கிவிட்டான்.
பழையதில் மார்க்கரால் என் பெயர் எழுதி
தனி ஆணியில் மாட்டியிருக்கிறான்.

இன்று மூன்று முறை இறங்கினேன்.
கிரேன் ஏன் நிற்கிறது என்கிறது ரேடியோ.
பதினோரு நிமிடம் என்று
போர்மேன் குறிக்கிறான்.
குறிக்கட்டும்.
திரைச்சீலைக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி.