வெற்றுக் கட்டம்

கைதட்டல் எனக்குத்தான் கிடைக்கும்.
திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச்
சுவர்த்திரையில் நீலக்கோடு ஏறினால்
இயக்குநர் கென்ஜெபெக் என் தோளைத் தட்டுவார்.
கோட்டுக்கு அடியில் குழாய் பதித்தவள்
பின்வரிசையில் உட்கார்ந்து
சூரியகாந்தி விதை உரித்துக்கொண்டிருப்பாள்.

பொத்தாகோஸ்.
ஒட்டகக் கன்றின் கண் என்று பொருள்.
அல்மாத்தியில் எங்கள் ரொட்டி ஆலைக்கு
நாற்பத்தொரு வண்டி, அறுநூற்றுச் சொச்சம் கடை.
ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாய்ப் பொய் சொல்லும்.
ஒருவன் தேதியை முன்னாலிருந்து எழுதுவான்,
ஒருத்தி பின்னாலிருந்து.
எழுத்துப்பிழையில் ஒரே கடை மூன்று கடையாகும்.
சிக்னல் அறுந்த கருவி
அனுப்பியதையே மறுபடி மறுபடி அனுப்பும்,
கடன் கொடுத்தவன் வாசல் தட்டுவதைப் போல.
அத்தனையும் இரவு இரண்டு மணிக்கு
அவள் வெட்டிய வாய்க்கால்களில் இறங்கி
மடைக்கு மடை கசடு நீங்கி
நான்கு மணிக்குள் ஒரே தட்டில் வந்து நிற்க வேண்டும்.
நான்கேகாலுக்கு அடுப்பு கேட்கும்:
இன்றைக்கு எத்தனை?

அது நடக்கிற நாளில் அவளை யாருக்கும் தெரியாது.
நடக்காத நாளில்
காவலாளிக்குக்கூட அவள் தொலைபேசி எண் மனப்பாடம்.

ஜனவரியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.
கேகென் சாலையின் கடைசிக் கடைக்குப்
பதினொரு நாளாய் வெற்றுக் கட்டம்.
படம் பல் விழுந்த வாய்போல் இருந்தது.
நான் பூஜ்யம் போட்டு நிரப்பினேன்.
ஒரே வரிக் கட்டளை,
தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது.

கணிப்பு நிரல் அந்தப் பூஜ்யத்தை நம்பியது.
விற்காத கடைக்கு வண்டி எதற்கு?
வெள்ளி முதல் பாதையை வெட்டு,
டீசல் மிச்சம் இவ்வளவு என்றது.
கென்ஜெபெக் தோளைத் தட்டினார்.

எங்கள் மொழியில் ரொட்டிக்கு நான் என்று பெயர்.
நான் பூஜ்யம்
என்று அட்டவணையில் இருந்தது.

அவள் என் மேசைக்கு வந்தாள்.
குரல் உயரவில்லை.
"இங்கே முன்பு என்ன இருந்தது?"
"ஒன்றுமில்லை."
"ஒன்றுமில்லையா, தெரியவில்லையா?"

இரண்டுக்கும் நடுவே
ஒரு மலைச்சாலை முழுக்கக் கிடக்கிறது என்று
அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அன்று காலை அவள் ஒரு வரி நிரலும் எழுதவில்லை.
தொலைபேசியை எடுத்தாள்.
கடைக்காரி ஸாகிப்ஜமால் வணக்கத்துக்கு முன்பே திட்டினாள்:
தினம் அறுபது ரொட்டி, மதியத்துக்குள் காலி,
எண்பது கேட்டால் உங்கள் காதில் என்ன மாவா?
பிறகு ஏற்றுமேடையில் ஓட்டுநர் தோக்தாரைப் பிடித்தாள்.
"மைனஸ் முப்பத்தொன்று, அக்கா.
கணவாய் ஏறியதும் கருவி செத்துப்போகும்."
மேலங்கிக்குள் கைவிட்டு அவன் எடுத்தது
சிகரெட் அட்டைகள், பதினொன்று.
முதுகில் பென்சில் எழுத்து:
அறுபது. அறுபது. அறுபது.
ஐம்பத்தெட்டு, இரண்டு நசுங்கியது.

தரையில் ரொட்டித் துணுக்கு கிடந்தால்
குனிந்தெடுத்து, கால் படாத உயரத்தில் வைப்பது
இங்கே வழக்கம்.
அப்படித்தான் எடுத்து வைத்தாள் பதினொரு வரியையும்,
பக்கத்திலேயே குறிப்போடு:
கையால் பதிந்தது. மூலம் சிகரெட் அட்டை. சாட்சி தோக்தார்.

நிரல் அதற்கப்புறம்தான்.
கருவி பேசாத நாள் இனி 'தெரியாது' என்றே நிற்கும்.
மூன்று நாள் நீடித்தால் அவளை எழுப்பும்.
எவன் வந்து பூஜ்யம் ஊற்றினாலும்
கதவைச் சாத்தும் ஒரு சோதனை.
அதற்கு என் பெயரை வைக்கவில்லை.
வைத்திருக்கலாம்.

கருவிகளுக்கு ஆட்டுத்தோல் உறை நாற்பத்தொன்று கேட்டாள்.
கென்ஜெபெக் பேரம் பேசி
இருபதுக்கு இறங்கினார்.

அடுத்த திங்கள், ஒன்பது மணி.
வேறொரு கடையின் இடத்தில்
நீலக்கோடு அறுந்து, இடைவெளி விட்டு, மீண்டும் தொடங்கியது.
"இது என்ன ஓட்டை?" என்றார்.
"தெரியாது," என்றேன்.
"விசாரித்துக்கொண்டிருக்கிறோம்."
யாரும் கைதட்டவில்லை.
பின்வரிசையில் விதை உரிக்கும் சத்தம்
ஒரு கணம் நின்று
மறுபடி கேட்டது.