தகுதி வழக்கு

செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பதும்
சுடுகாட்டை நன்காடு ஆக்கியதும்
நம் இலக்கணம்தான்.
பொன்னைப் பறி என்பார் பொற்கொல்லர்,
பக்கத்தில் நிற்பவனுக்குப் புரியக் கூடாதென்று.
ஆகவே
மிச்சிகன் மாநிலத்து வாரன் நகரில்
கான்ஸ்டன்ஸ் ப்ரூசாக் படித்த பாடத்தைப் பார்த்துச்
சிரிக்க எனக்குத் தகுதியில்லை.

செவ்வாய்க்கிழமை. மூன்றாம் மாடி.
டோனட் பெட்டி திறந்து கிடந்தது.
திரையில்
எழுதக் கூடாத சொற்கள்.

பழுது என்று எழுதாதீர்கள்,
வடிவமைத்தபடி இயங்கவில்லை என்று எழுதுங்கள்.
சிக்கல் வேண்டாம், நிலைமை போதும்.
ஆபத்து வேண்டாம்.
சவப்பெட்டி வேண்டவே வேண்டாம்.
(கடைசி வரிசையில் சிரிப்பு:
எந்த மகராசன் காரைப் பற்றி அப்படி எழுதினது?)
எழுதியவை எல்லாம் ஒருநாள்
கோர்ட்டில் வாசிக்கப்படும் என்றார் வகுப்பெடுத்தவர்.
அவர் டை மட்டும் கொஞ்சம் கோணலாக இருந்தது.

சும்மா வந்த பேரா?
குதிரைவண்டி செய்த பட்டறைகளின் ஊரில் பிறந்து
ஒவ்வொரு மடிசீலைக்கும் ஒரு கார் என்று வளர்ந்து
போன வருஷத்துக் காரைப்
போன வருஷத்துக்காரனே பார்த்து வெட்கப்படும்படி செய்து
யுத்தத்துக்கு டாங்கி உருட்டி
சமாதானத்துக்குக் குரோம் பூசி வந்த பேர்.
இடையில் ஒரு குளிர்காலம்
தொழிலாளிகள் எந்திரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்,
கம்பெனி கணப்பை நிறுத்திப் பார்த்தது,
சன்னல் வழியே சூப் போயிற்று,
அவர்கள் எழுந்திருக்கவில்லை.
அதுவும் இந்தப் பேருக்குள்தான் இருக்கிறது.
கான்ஸ்டன்ஸின் பல்லுக்குப் போட்ட கம்பி
அப்பாவின் பென்ஷன்
ஹியூரன் ஏரிக்கரையில் ஆண்டுக்கு இரண்டு வாரம்
எல்லாம் கம்பெனி போட்ட சோறு.

மத்தியானம் டோலிடோவிலிருந்து ஒரு கடிதம்.
லவோன் டிக்கர்சன், நீதிமன்றச் சுருக்கெழுத்தர்.

"ரயில் கிராசிங்கில் வண்டி குலுங்கியது.
சாவி தானாகத் திரும்பிக்கொண்டது.
இன்ஜின் நின்றது. ஸ்டியரிங் கல்லாயிற்று.
எதிரே வந்த லாரி ஒதுங்கியது, எப்படியென்று தெரியாது.
கொத்தில் இருந்தவை: வீட்டுச் சாவி, அலுவலகச் சாவி,
சர்ச் சமையலறைச் சாவி, ஒரு பித்தளை மீன்.
மீன் கனம்தான்.
ஆனாலும் மீன்தானே?"

கான்ஸ்டன்ஸ் எழுதினாள்:
வாடிக்கையாளர் ஒரு நிலைமையைத் தெரிவிக்கிறார்.
'தானாக' என்பதை அடித்தாள்.
'கல்' என்பதையும்.
மீனை விட்டுவைத்தாள்.
மேலே யாருக்காவது
மீன் தேவைப்படலாம்.

மாலை, பார்க்கிங்கில் பனி.
அவள் காரும் அதே மாடல், வெள்ளி நிறம்.
கையுறையைப் பல்லால் கழற்றி
வளையத்திலிருந்து ஒவ்வொரு சாவியாக உருவினாள்.
நகம் உடைந்தது.
ஒற்றைச் சாவி செருகி, மெதுவாக வீடு போனாள்.
கொத்து எங்கே என்றான் லெஷெக்.
கனமாக இருந்தது என்றாள்.
அது பொய்யில்லை.

அடுத்த ஆண்டு கம்பெனியே விழுந்தது.
அதற்கும் தகுதியான சொல் இருந்தது, மறுசீரமைப்பு.
ஊர் வரிப்பணத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து
முழங்காலைத் தட்டிவிட்டு
விளம்பரத்தில் மலையேறியது.
சாவித் துளைக்குள் ஒரு சுருள்வில்,
ஒரு டாலர்கூட ஆகாது,
அது மட்டும்
விழுந்தபோதும் எழுந்தபோதும் அப்படியே இருந்தது.
டோலிடோவில் இல்லை, வேறு ஊர்களில்
லாரிகள் ஒதுங்கவில்லை.

வழக்கு என்ற சொல்லுக்கு
நம்மிடம் இரண்டு பொருள் உண்டு.
இரண்டாவது வந்தபோது
கான்ஸ்டன்ஸுக்குத் தலை நரைத்திருந்தது.
சன்னல் இல்லாத அறை. ஒரு ஜாடி தண்ணீர்.
எதிர்த்தரப்பு வக்கீல் காகிதம் எதையும் புரட்டவில்லை.
உங்கள் கார் சாவியை
மேசைமேல் வைக்க முடியுமா, அம்மா?

வைத்தாள்.
வளையம்கூட இல்லை.

எவ்வளவு காலமாக இப்படி?

சுருக்கெழுத்துக்காரப் பையனின் விரல்கள்
விசைகளின்மேல் காத்திருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து, என்றாள்.