விளக்கு அணையும் ஓசை

இரவுப்பணி முடிந்து
புக்கிட் பாத்தோக் வந்திறங்கும்போது மணி எட்டே முக்கால்.
நேற்றிரவே வந்துவிட்டது கடைசிப் பகுதி.
ரயிலில் எதிரே ஒருத்தி
திரையைப் பார்த்து அழுதுகொண்டு வந்தாள்.
அது கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று
ஜூரோங் ஈஸ்ட் வரை செருப்புகளை எண்ணினேன்.
பத்து வார விரதம்
பாதி வழியில் கெடலாமா?

கோப்பி-ஓ பையைச்
சன்னல் கொக்கியில் மாட்டி
திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன்.
கறுப்புக் கடலிலிருந்து கோட்டை எழும்பிய அதே நொடி
மேல்வீட்டில்
கழிவறையை இடிக்கத் தொடங்கினார்கள்.

மின்தூக்கி அருகே நோட்டீஸ் ஒட்டித்தான் இருந்தது.
மூன்று நாள், காலை ஒன்பதிலிருந்து.
முதல் நாளே இறுதிப்போர் என்று
அதில் போடவில்லை.

திரையில் கல் விழுகிறது.
தலைக்கு மேலும் கல் விழுகிறது.
எது எந்தக் கோட்டை என்று பிரிக்கத் தெரியாமல்
காது கேளாதவர்களுக்கான எழுத்தைப் போட்டுக்கொண்டேன்.

பறவைநாகம் தொலைவில் உறுமுகிறது.
சங்கிலி அறுகிறது.
இலாவே மூச்சை இழுக்கிறாள்.

அரசிக்கு நிழல் திரும்பக் கிடைத்தது. சரி.
தம்பிதான் துரோகி. அது மூன்றாம் வாரமே தெரியும்,
ரோஸ்னா எனக்கு ஐந்து வெள்ளி தரவேண்டும்.
நாகம் எரிந்தபடி கடலில் விழுந்தபோது
கோப்பியை உறிஞ்சக்கூட மறந்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் தெவ்ரன்?
சுடரேந்தி தெவ்ரன்?
பத்து வாரத்தில் பதினொரு வரி பேசியவன்.
அதில் நாலு தடவை, "இருட்டு, பார்த்து வாருங்கள்."
பெரிய மனிதர்கள் சதி பேசப் போகும் அறைக்கெல்லாம்
முன்னே நடந்து வெளிச்சம் காட்டி
வாசலிலேயே நின்றுகொள்கிறவன்.

விடிய விடிய
ரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டி அனுப்புகிறேன்.
எந்தக் குழாய் யாரைப் பிழைக்க வைத்தது என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.
தெவ்ரனை எனக்குத் தெரியும்.

அரசி முடிசூடுகிறாள். ஊரே ஆரவாரம்.
அவள் முகம் திரை முழுக்க.
கீழே, ஓரமாய், ஒரே ஒரு வரி:

விளக்கு அணையும் ஓசை.

அவ்வளவுதான்.
உடலைக் காட்டவில்லை. பெயரைக்கூடச் சொல்லவில்லை.
மூன்று சூரியன்களை ஏற்றத் தெரிந்தவர்களுக்கு
இவன் முகத்தில் ஒரு நொடி
கேமராவைத் திருப்பக் கையில்லாமல் போயிற்றா!

ரோஸ்னாவைக் கூப்பிட்டேன்.
"அந்த நாகம், யா அல்லா" என்று தொடங்கினாள்.
தெவ்ரன் செத்துட்டான் என்றேன்.
"யார்?" என்றாள்.
நிசப்தமான வீட்டில், நல்ல ஒலிபெருக்கியில் பார்த்தவள்.

யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து
அந்த ஆரவாரத்துக்கு அடியில் காதை வைத்து
இதை மட்டும் தனியே பொறுக்கி எழுதியிருக்கிறார்.
அவரும் தெவ்ரன் பக்கம் போலிருக்கிறது.

குப்பை போடப் போனேன்.
மின்தூக்கியில் மேல்வீட்டு வேலையாள்,
இமையெல்லாம் சிமெண்டுத் தூள்,
மூட்டையில் உடைந்த ஓடுகள்.
"சத்தம் ரொம்பங்களா அக்கா?"
சட்டையில் வீரசிங்கம் என்று மங்கலாய் ஒரு பட்டை.
என்னத்தைச் சொல்ல?
நீங்கள் இடித்ததால்தான் ஒரு சாவைப் படித்தேன் என்றா?
பரவாயில்லை என்றேன்.
ஒரு மணி வரை சாப்பாட்டு இடைவேளை என்றார்.

அடுத்த பருவம் இரண்டு வருடம் கழித்தாம்.
திரை இப்போதே வேறு எதையோ பார்க்கச் சொல்லி
பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணுகிறது.
தூங்கினால்தான் இரவில் கண் நிற்கும்.

பின்னால் ஓட்டினேன்.
சத்தத்தை முழுக்க வைத்தேன்.
வீடு அமைதி. மேலே அமைதி.
ஆரவாரத்துக்கு நடுவே, ஆமாம், இருக்கிறது:

ச்சு.

யாரோ
உச்சுக்கொட்டினாற்போல்.