பூஜ்ய ரூபாய்

பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாயிற்றே,
பிறகு எதற்கு வண்டி என்கிறார் சகாயராஜ்,
மீன்முள்ளைத் தட்டோரம் ஒதுக்கியபடி.
நியாயமான கேள்விதான்.
பதில் என் கைப்பையில் இருக்கிறது:
நடத்துனர் கிழித்துத் தந்த சீட்டுகள்,
கட்டணம் பூஜ்யம் என்று அச்சிட்டவை.
மூன்று மாதமாய் அவற்றின் முதுகில்
கணக்கு எழுதி வருகிறேன்.

முன்பணம் இருபத்தைந்தாயிரம்.
ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தால் பதினெட்டு தேறும்
(அது வேறு சீட்டு).
தவணை மூவாயிரத்து நூற்றுப்பத்து, முப்பத்தாறு மாதம்.
பெட்ரோல். இன்ஷூரன்ஸ்.
ஹெல்மெட் இரண்டு.
இரண்டா?
ஒன்றை அடித்துவிட்டேன்.
அப்புறம் மறுபடி எழுதினேன், சின்னதாக.

இன்னொரு சீட்டில் ரூபாயே இல்லை:
லிங்கராஜபுரத்தில் நின்றது இருபத்திரண்டு நிமிடம்.
அல்சூரில் மாற நின்றது முப்பது.
கை காட்டியும் நிற்காமல் போனது
இந்த மாதம் ஆறு முறை.
ஆம்பளை யாராவது நின்றால் நிறுத்துவான் என்பாள் ஷஹீதா.
அதை நம்பி, மழையில்,
முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் போய்
ஒட்டி நின்றிருக்கிறேன், குடும்பம் போல.

லேபுக்கு ஆறரை மணிக்கு வருகிறவர்கள்
வெறும் வயிற்றோடு வருகிறார்கள்.
நான் பிந்தினால்
அவர்கள் பசி நீள்கிறது.
இதை வரவில் எழுதுவதா, செலவிலா?

சனிக்கிழமை, ஹென்னூர் ரோடு ஷோரூம்.
சார் பரல்வா மேடம், என்றான் பையன்.
சாருக்கு வண்டி என்றால் பயம் என்றேன்.
பொய்.
பயம் எனக்கு.
நாற்பத்து மூன்று வயது,
சைக்கிள்கூடத் தெரியாது.
ரோஜா நிறத்தைக் காட்டினான்.
சேறு பட்டால் தெரியாத நிறம் கேட்டேன்.
பின்னால் பிடித்துக்கொண்டு, உட்காருங்கள் என்றான்.
இரண்டு காலும் தரையில் பதிந்தன,
குதிகால் வரைக்கும்.
கண்ணாடியில் அவன் முகம், விலைப்பட்டியல், கதவு.
மெதுவாகத் திருப்பினேன்
சாலை மட்டும் தெரிகிற வரை.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தது. உட்காரவில்லை.
டிரைவருக்குப் பின்னால்
வலது கையால் கம்பியைப் பிடித்தபடி,
பதினேழு வருடம் ஜன்னல் வழியே போன சாலையை
முன்பக்கமிருந்து பார்த்தேன்.
எத்தனை பள்ளம்!
சர்ச் திருப்பத்தில் ஓர் ஆட்டோ குறுக்கே புகுந்தது.
அவர் மிதிப்பதற்குள்
என் இடது கை இறுக மூடிக்கொண்டது,
அங்கே இல்லாத பிரேக்கின் மேல்.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
எல்.எல்.ஆர். ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்குமாம்.
காரணம் என்ற இடத்தில்
சொந்த வேலை என்று போட்டேன்.