முப்பத்திரண்டு

கல்லடியில் ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடி.
பன்னிரண்டு மேசை, அதில் ஒன்று ஆடும்.
வியாழன் இரவு எட்டரைக்கு
எங்கள் நாலு பேருக்கும் ஜாஸ் காய்ச்சல்.
மற்ற நாட்களில் நான் பிரிஜ் திருத்துகிறவன்,
ஷெரின் தபால் கந்தோரில்,
இல்ஹாமுக்கு ஏறாவூரில் டயர்க் கடை,
வின்ஸ்லோ ரகல் பஸ் டிப்போவில்.

டிப்போவில்தான் அது நடந்தது.
சில்லுக் கழற்றப்போன இடத்தில்
நெம்புகம்பி கிறுகி வந்து வாயில் அடித்தது.
மேல்வரிசை முன்பல் இரண்டு
கிறீஸ் தகரத்துக்குள் விழுந்தன.
கழுவித் தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறான்.

மேற்பல் இல்லாமல் சக்சபோன் வாயில் நிற்காது.
கட்டுப்பல்லுக்கு ஆறு கிழமை
என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

வேறு ஆள் போடலாம் என்றார் லவுஞ்ச்காரர் பாக்கியநாதன்,
வாழைச்சேனையில் கிளாரினெட் ஊதும் தம்பி ஒருவன் இருக்கிறானாம்.
ஷெரின் ஒன்றும் பேசாமல்
கீபோர்ட்டை உறைக்குள் போட்டாள்.
பாக்கியநாதன் சோடா எடுக்கப் போய்விட்டார்.

பாட்டின் நடுவில் அவன் ஊதும் எட்டுச் சுற்றையும்
அப்படியே வெறுமையாக விட்டோம்.
எட்டு நாலு முப்பத்திரண்டு எண்ணிக்கை.
"பல்லும் அத்தனைதான்" என்றான் இல்ஹாம்.
ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

முதல் வியாழன்
பேஸ் நரம்பை உள்ளங்கையால் அமர்த்தினேன்.
இல்ஹாம் குச்சிகளை மடியில் வைத்தான்.
கரண்ட் போய்விட்டதென்று ஒருவர் போன் வெளிச்சம் அடித்தார்.
கிழமைதோறும் பைலா கேட்கும் காணிக் கந்தோர் ஐயா
"என்னகா, மறந்திட்டீங்களா" என்றார்.
வின்ஸ்லோ அந்த ஆடும் மேசையில்,
இஞ்சிச் சோடாவோடு, உதட்டை இறுக்கிக்கொண்டு.
மேசைக்குக் கீழே
முழங்காலில் அவன் விரல்கள் ஓடின.
வலது சுண்டுவிரல் எப்போதும்போல் கொஞ்சம் பிந்தி.
அது எழும்பும்போது எந்தச் சுரமென்று
எனக்குத் தெரியும்.

இரண்டாம் வியாழன் அந்த வெறுமைக்குள்
சாமான்கள் வந்து சேர்ந்தன.
ஐஸ்பெட்டியின் முனகல், என் கீழ்நரம்பைவிட அரைச் சுரம் குறைவு
(கம்பிரசர் போகப்போகுது என்றேன், பாக்கியநாதன் கேட்கவில்லை),
பாலத்தில் கியர் மாற்றும் லொறி,
வாவியில் யாரோ இறால்காரன்
யாரையோ ஏசும் ஏச்சு,
டியூட்டி முடிந்து வந்த தாதி ஒருத்தியின் கொட்டாவி.

நாலாம் வியாழன் அவளே மேசையில் விரலால் எண்ணினாள்.
அடுத்த கிழமை ஐயா பைலா கேட்கவில்லை.
யாரோ தும்ம, மூன்று மேசை திரும்பிப் பார்த்தது.
பாக்கியநாதன் கிளாஸ் கழுவுவதை நிறுத்தினார்.
எனக்குப் பயம் வந்தது.
அவன் ஊதியபோது
இப்படிக் கேட்டார்களா இவர்கள்?
முழங்காலில் விரல்கள் இப்போது ஓடவில்லை.
அவனும் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஏழாம் வியாழன் பல் வந்தது, வெள்ளை கொஞ்சம் கூடுதலாக.
டச்பாரிலிருந்து சைக்கிளில்
வழிநெடுக விளக்குக் கம்பங்களைப் பார்த்துச்
சிரித்துக்கொண்டே வந்தானாம்.
அவன் சுற்று வந்தது. எழும்பினான்.
முதல் ஊதலில் ஒரு சீறல்,
சைக்கிள் ரியூப்பில் முள் ஏறியதுபோல.
அடுத்ததில் பழைய வின்ஸ்லோ பாதி.
பிறகு அடியில் இறங்கி,
அங்கேயே கொஞ்சம் துழாவி,
எதையோ கண்டெடுத்தவன்போல் மேலே ஏறி,
முப்பதாவதில் நின்றுவிட்டான்.

முப்பத்தொன்று.
ஐஸ்பெட்டி.
முப்பத்திரண்டு.

நாலு பேரும் ஒன்றாக விழுந்தோம்.
ஆடும் மேசையில் ஒரு கிளாஸ்
தானாக நடந்து விளிம்புக்கு வந்தது.

படியிறங்கும்போது கேட்டேன்,
அந்த இரண்டையும் ஏன் விட்டாய்?
எவ்வளவு அழகாக விட்டாய்?
"பல்லு கழண்டிட்டு கா" என்றான்,
நாக்கால் அதை மேலே தள்ளிக்கொண்டு.
இல்ஹாம் சிரிப்பு தாங்காமல்
படியிலேயே இருந்துவிட்டான்.

அடுத்த வியாழனும் அதே இடத்தில் நிறுத்தினான்.
பல்லுக்குப் பசை வாங்கி நாலு நாள் என்கிறாள் ஷெரின்.
நான் கேட்கப் போகவில்லை.